ஹெர்மனும் ஒரு மானும்

சென்னையில் ஒரு டேட்டா கம்பெனியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். வெளிநாட்டில் பூர்வீகம் தேடுகிறவர்களுக்காகப் பழைய ஆவணங்களைப் படித்து ஏற்றும் வேலை. என் தலையில் விழுந்தது யூதக் கல்லறைகள். திரையில் ஒரு பக்கம் அரசாங்கப் பதிவேடு, மறு பக்கம் கல்லறைக் கல்லின் போட்டோ. பதிவேட்டில் உள்ள ஹெர்மன், மோரிஸ், ரோசா போன்ற பெயர்களுக்கு எதிரே கல்லில் இருக்கும் எபிரேயப் பெயரை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான்.

எழுத்தைப் பழகிவிடலாம். தாலெத், ரேஷ் என்ற இரண்டு எபிரேய எழுத்தும் மழையில் தேய்ந்த கல்லில் ஒன்று போலவே இருக்கும், அதுவும் பழகிவிடும். பெயர்தான் படுத்தியது. பல கல்லில் குடும்பப் பெயரே இருக்காது. மோஷே பென் ஆவ்ரஹாம், அதாவது ஆவ்ரஹாமின் மகன் மோஷே, அத்தோடு சரி. இதைப் பார்த்து அமெரிக்க மேலாளர் ஒருவர் குழம்பினார், நாங்கள் குழம்பவில்லை. அப்பா பெயரை இனிஷியலாகச் சுமக்கிற ஊர்க்காரனுக்கு இதில் என்ன ஆச்சரியம்?

முதல் மாதமே வேலையைச் சுருக்க ஒரு அட்டவணை போட்டேன். கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம் எபிரேயப் பெயரும், அவர்கள் பேச்சுமொழியான இத்திஷில் ஒரு பெயரும் ஜோடியாக வரும்: த்ஸ்வி ஹிர்ஷ், இரண்டுக்கும் மான் என்று பொருள், ஆர்யே லெய்ப், சிங்கம், தோவ் பேர், கரடி, ஸெயேவ் வோல்ஃப், ஓநாய். பெண்களில் ஃபெய்கே என்றால் சிப்போரா, பறவை. கோல்டா என்றால் ஸஹாவா, பொன். வீட்டிலும் சந்தையிலும் இத்திஷ், ஜெபத்திலும் கல்லிலும் எபிரேயம். ஜெர்மனிக்கோ அமெரிக்காவுக்கோ போனதும் ஹிர்ஷ் சிலருக்கு ஹெர்மன் ஆகிவிடும். ஆகவே ஹெர்மன் என்றால் த்ஸ்வி என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

அந்த அட்டவணைதான் என்னைக் கவிழ்த்தது. ஒரு ஹெர்மனின் கல், எழுத்து பாதி உதிர்ந்துவிட்டது, ஆனால் உச்சியில் ஒரு மான் தெளிவாகச் செதுக்கியிருந்தது. மான் இருக்கிறது, ஹெர்மன் இருக்கிறார், இனி என்ன யோசனை என்று த்ஸ்வி போட்டு அனுப்பினேன். சரிபார்க்கும் அக்கா திருப்பி அனுப்பினார். போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டி, 'இங்க பாரு, வரிக்கு மேல ஒரு கொம்பு நீட்டிட்டிருக்கு' என்றார். எபிரேய எழுத்துகளில் தலை வரிக்கு மேலே போவது லாமெத் ஒன்றுக்குத்தான். த்ஸ்வியில் லாமெத் கிடையாது, நப்தலியில் உண்டு. ஆதியாகமத்தில் யாக்கோபு பிள்ளைகளை ஆசீர்வதிக்கும்போது நப்தலியைப் பெண்மான் என்கிறார், அதனால் நப்தலி ஹிர்ஷும் ஒரு ஜோடிதான். அதே மான், வேறு ஆள்.

அக்கா தூத்துக்குடிக் கத்தோலிக்கர், இதெல்லாம் அவருக்குப் புதிதே இல்லை. அவர்கள் ஊர்ப் பக்கம் பழைய ஆட்களுக்குப் பவுல் சின்னப்பர். லத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியவர். யோவான் அருளப்பர்; யோஹனான் என்ற எபிரேயப் பெயருக்குக் கர்த்தர் அருளினார் என்று பொருள். சவேரியாரை மட்டும் மொழிபெயர்க்காமல் சத்தத்தோடு விட்டுவிட்டார்கள். 'எதைப் பொருளால எடுக்கணும், எதைச் சத்தத்தால எடுக்கணும்னு எவன் சொன்னான்? அந்தந்த வீட்டுக்காரன் சொன்னான்' என்பார்.

இஸ்ரேலுக்குப் போனவர்கள் விஷயத்தில் இது இன்னும் நன்றாகத் தெரிந்தது. க்ரூன் என்றால் பச்சை, ஆனால் டேவிட் க்ரூன் பச்சையை விட்டுவிட்டுச் சத்தத்தைப் பிடித்து பென் குரியோன் ஆனார், இஸ்ரேலின் முதல் பிரதமர். பின்னால் பிரதமரான லேவி ஷ்கோல்னிக், லேவி எஷ்கோல் ஆனார், எஷ்கோல் என்றால் திராட்சைக் குலை. அவருக்குப் பின் பிரதமரான கோல்டா மேயர்சன் 1956-இல் வெளியுறவு அமைச்சரானபோது குடும்பப் பெயரை மெயிர் என்று மாற்றினார், கோல்டாவை ஸஹாவா ஆக்கவில்லை. வேதாசலத்தைச் சொல்லுக்குச் சொல் மறைமலை ஆக்கியவர் நம்மிடம் உண்டு, அங்கும் அப்படிச் செய்தவர்கள் உண்டு, ஆனால் அதை விதியாக வைத்து அட்டவணை போட்டால் என் கதிதான்.

மோரிஸுக்கு மோஷே, மொர்தெகாய், மெயிர் மூன்றும் வந்தன. பல நேரம் முதல் எழுத்து ஒத்துப்போனால் போதும் என்று குடும்பம் முடிவு செய்திருக்கும். அப்புறம் அட்டவணையை அழித்துவிட்டேன், வேலை மெதுவானது, டார்கெட் குறைந்ததற்குத் திட்டும் வாங்கினேன்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் பெயர்களையே மாற்றிப் பார்த்தோம். என் பெயர் முத்து. எபிரேயத்தில் முத்து என்றால் பெனினா, சாமுவேல் புத்தகத்தில் பிள்ளையில்லாத அன்னாளைக் குத்திக்காட்டும் அந்தப் பெனின்னாள். பெண் பெயர், அதுவும் சண்டைக்காரி. ஒரு வாரம் ஆபீஸ் முழுக்க என்னைப் பெனின்னாள் என்றுதான் கூப்பிட்டார்கள்.