ஐந்தாவது நகர்வில் நிறுத்தி வைத்த வீடியோ

பத்து நிமிட செஸ் ஆட்டம், எனக்குக் கருப்புக் காய்கள். எதிராளி இ4 ஆட (சிப்பாயை இ4 கட்டத்துக்குத் தள்ள; எழுத்து நெடுவரிசை, எண் குறுக்கு வரிசை), நான் சி6. அவர் டி4, நான் டி5. காரோ-கான் தற்காப்பு என்ற ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் ஆரம்ப நகர்வு வரிசை. அவர் குதிரையை சி3-க்குக் கொண்டுவந்தார். நான் இ4-இல் இருந்த சிப்பாயை வெட்டினேன், அவர் குதிரையால் திருப்பி வெட்டினார். நான்காவது நகர்வாக என் குதிரை டி7-க்குப் போனது. இதுவரை எல்லாம் இந்த ஓப்பனிங்கைச் சொல்லித்தரும் வீடியோவில் பார்த்தபடியே.

ஐந்தாவது நகர்வில் அவர் ராணியை இ2-இல் வைத்தார். வீடியோவில் அடுத்த நகர்வு 'இன்னொரு குதிரை எஃப்6', எனவே அதையே ஆடினேன். அவருடைய குதிரை டி6-இல் வந்து உட்கார்ந்தது. ராஜாவுக்குச் செக், தப்ப வழியில்லை. மேட். என் ராஜாவைச் சுற்றிலும் என் காய்களே. இ7 சிப்பாயால் அந்தக் குதிரையை வெட்டலாம் என்று பார்த்தால், அது நகர்ந்த உடனே இ2-இல் இருக்கும் ராணிக்கு நேராக ராஜா மாட்டிக்கொள்வார். ஆறே நகர்வில் ஆட்டம் முடிந்தது.

அன்றிரவு அதே வீடியோவைத் திரும்பப் போட்டேன். ராணி இ2 பற்றி அதில் தெளிவாகவே சொல்லியிருந்தார்கள். அந்த இடத்தை நான் இரட்டை வேகத்தில் ஓடவிட்டிருக்கிறேன்.

இந்த ஓப்பனிங்குக்கு நான் வந்து சேர்ந்த கதையையும் சொல்ல வேண்டும். முதலில் வெள்ளையில் லண்டன் சிஸ்டம் என்ற ஓப்பனிங்கை ஆடிக்கொண்டிருந்தேன். டி4, அப்புறம் பிஷப் எஃப்4, இ3, சி3, குதிரைகள், காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவது). எதிராளி என்ன ஆடினாலும் ஏறக்குறைய இதே அடுக்கு. வேலை முடிந்து வந்து ராத்திரி இரண்டு ஆட்டம் ஆடுகிறவனுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் யாராவது சீக்கிரமே சி5 ஆடி, ராணியை பி6-க்குக் கொண்டுவந்து பி2 சிப்பாயைக் குறிவைத்தால் எனக்குக் கை ஓடாது. அடுக்கி வைக்கத்தான் தெரியும், அடுக்கு கலைந்தால் என்ன செய்வது என்று தெரியாது. லண்டனைக் குறைசொல்லவில்லை. 2023 உலக சாம்பியன்ஷிப்பின் ஆறாவது ஆட்டத்தில் டிங் லிரன் இதை ஆடித்தான் நெபோம்னியாச்சியை வென்றார். அந்த ஆட்டத்தின் முடிவைப் பார்த்தால், இது சும்மா பாதுகாப்பான ஓப்பனிங் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் கையில் அது ஒரு ஆட்டம். என் கையில் அது வெறும் வரிசை.

கருப்பில் ஸ்டாஃபோர்ட் காம்பிட் ஆடினேன். காம்பிட் என்றால் ஆதாயத்துக்காகக் காயைப் பலி கொடுக்கும் ஓப்பனிங். இ5 சிப்பாயைக் கொடுத்துவிட்டு, குதிரைகளை மாற்றிக்கொண்டு, பிஷப்பை சி5-இல் நிறுத்திக் காத்திருப்பது. வெள்ளை டி3 ஆடிவிட்டு ஆசைப்பட்டு பிஷப்பை ஜி5-க்குக் கொண்டுவந்தால், கருப்புக் குதிரை இ4 சிப்பாயை வெட்டும். வெள்ளை ராணியை எடுத்துக்கொள்ளும். உடனே பிஷப் எஃப்2-இல் செக், ராஜா இ2, இன்னொரு பிஷப் ஜி4-இல் மேட். முதல்முறை இது என் பலகையில் நடந்தபோது நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். சில வாரங்கள் ரேட்டிங்கும் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) ஏறியது. அப்புறம் வந்த எதிராளிகள் டி3-க்குப் பிறகு பிஷப்பை அமைதியாக இ2-இல் வைத்தார்கள். பொறி மூடிக்கொண்டது, எனக்கு ஒரு சிப்பாய் குறைவு, மேலே என்ன செய்வது என்று யோசனையே இல்லை. பொறிகள் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எஃப்2, எஃப்7 எவ்வளவு பலவீனமான கட்டங்கள் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவை அவைதான். ஆனால் எதிராளி தப்புச் செய்தால் மட்டுமே நன்றாக இருக்கிற ஒரு ஓப்பனிங்கோடு ரொம்ப நாள் இருக்க முடியவில்லை.

அந்த ஆறு நகர்வுத் தோல்விக்குச் சில நாள் கழித்து, என்னைவிட நன்றாக ஆடும் ஒரு பெரியவரோடு ஆடிவிட்டு, ஆட்டத்தைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இந்தக் குதிரையை எதுக்கு தம்பி டி7-ல வச்சீங்க?"

"அதுதான் சார் மெயின் லைன். வீடியோல அப்படித்தான் சொன்னாங்க."

"அவங்க சொன்னது சரிதான். நீங்க எதுக்கு வச்சீங்க?"

என்னிடம் பதில் இல்லை. அவரே காட்டினார். குதிரையை நேராக எஃப்6-க்குக் கொண்டுபோனால் வெள்ளை அதை வெட்டும். நான் சிப்பாயால் திருப்பி வெட்ட வேண்டும், எஃப் வரிசையில் இரண்டு சிப்பாய் ஒன்றின் பின் ஒன்றாக நிற்கும். முதலில் டி7-இல் ஒரு குதிரை காவலுக்கு இருந்தால், எஃப்6-இல் வெட்டும்போது குதிரையாலேயே திருப்பி வெட்டலாம், சிப்பாய்கள் கலையாது. அவ்வளவுதான் விஷயம். இது தெரிந்திருந்தால் ராணி இ2 வந்தபோது, 'இப்போது அவர் எஃப்6-ஐப் பற்றி யோசிக்கவே இல்லையே, வேறு எங்கேயோ பார்க்கிறாரே' என்று தோன்றியிருக்கும். டி7 குதிரையையே எஃப்6-க்குக் கொண்டுபோயிருந்தால் போதும். டி8-இலிருந்து ராணிக்கு வழி திறந்து, டி6-ஐப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அவர்தான் இன்னொரு ஆட்டத்தையும் பார்க்கச் சொன்னார். 1997-இல் டீப் புளூ கணினிக்கு எதிரான கடைசி ஆட்டம். காஸ்பரோவ் ஆடியதும் இதே காரோ-கான்தான், இதே டி7 குதிரைதான். ஏழாவது நகர்வில் ஜி5-இல் இருந்த குதிரையை விரட்ட ஹெச்6 ஆடினார். குதிரை பின்வாங்கவில்லை, இ6 சிப்பாயை வெட்டியது. வெள்ளையின் 19-ஆவது நகர்வோடு காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். பிஷப்பை முதலில் டி6-இல் வைத்துவிட்டு அப்புறம் ஹெச்6 ஆடுவதுதான் வழக்கம். உலக சாம்பியனுக்கே நகர்வுகளின் வரிசை மாறினால் அதுதான் கதி என்றால், காரணம் தெரியாமல் ஒப்பிக்கிற எனக்கு என்ன ஆகும்?

அதிலிருந்து வீடியோ பார்க்கும் விதத்தை மாற்றிக்கொண்டேன். பக்கத்தில் பலகை. ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் வீடியோவை நிறுத்தி, நானாக இருந்தால் என்ன ஆடுவேன், ஏன் என்று ஒரு வரி நோட்டில் எழுதுவேன். அப்புறம்தான் ஓடவிடுவேன். இருபது நிமிட வீடியோவுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒரு வாரத்துக்கு ஒரு வீடியோ, அதற்கு மேல் இல்லை. மிச்ச நேரம் ஆடுவது. ஆடி முடித்ததும் இன்ஜினை (நகர்வுகளை அலசும் கணினி நிரலை) திறப்பதற்கு முன்னால், எந்த நகர்வில் எனக்குத் தெரிந்தது தீர்ந்துபோனது என்று குறித்துக்கொள்வேன். லிசெஸ் என்ற செஸ் இணையதளத்தில் என் ரேட்டிங்கில் இருப்பவர்கள் அந்த நிலையில் உண்மையில் என்ன ஆடுகிறார்கள் என்று பார்க்க முடிகிறது, அதுவும் இலவசமாக. கிராண்ட்மாஸ்டர்கள் ஆடும் லைன்களில் பாதி என் பலகைக்கு வருவதே இல்லை என்று அதில்தான் தெரிந்துகொண்டேன்.

யாருடைய வீடியோ என்பதும் முக்கியம். கிராண்ட்மாஸ்டர் டேனியல் நரோடிட்ஸ்கியின் ஸ்பீட்ரன் வீடியோக்களுக்கு நான் நிறையக் கடன்பட்டிருக்கிறேன். கீழ் ரேட்டிங்கிலிருந்து தொடங்கி மேலே மேலே ஆடிக்கொண்டே, ஒவ்வொரு நகர்விலும் தான் நினைப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போவார். எதிராளி ஓப்பனிங்கில் விலகினால் எரிச்சல்படாமல், 'சரி, இப்போது என்ன மாறியது?' என்று யோசிப்பதை நம் கண்முன் செய்துகாட்டுவார். 2025 அக்டோபரில் அவர் இறந்த செய்தி வந்த அன்று ஒரு வீடியோவைக்கூடத் திறக்க முடியவில்லை. 29 வயதுதான்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்தது காரோ-கானின் ஒரு கிளையான எக்ஸ்சேஞ்ச் வேரியேஷன், எல்லோரும் சலிப்பு என்று ஒதுக்குகிற அதே வேரியேஷன். மூன்றாவது நகர்விலேயே வெள்ளை டி5-இல் வெட்டும், நான் சி சிப்பாயால் திருப்பி வெட்டுவேன். 1970-இல் பெட்ரோசியனுக்கு எதிராக ஃபிஷர் ஆடியது இது. பெரும்பாலும் வெள்ளை சி3 ஆடி டி4-ஐத் தாங்கும். எனக்கு சி வரிசையில் வழி திறந்திருக்கிறது. காஸ்லிங் முடித்து, யானையை பி8-இல் வைத்து, பி5, பி4 என்று சிப்பாயை முன்னே தள்ளினால் சி3-இல் மோதும். வெட்டிக்கொண்ட பிறகு சி3-இல் ஒரு சிப்பாய் தனியாக, பின்தங்கி நிற்கும். அப்புறம் அந்தச் சிப்பாய்தான் எனக்கு ஆட்டம். நகர்வுகளை மறந்தாலும் பரவாயில்லை, எங்கே போகிறேன் என்று தெரிகிறது.

போன வாரம் அப்படி ஒன்று அமைந்தது. 23-ஆவது நகர்வில் பி4. சி3 சிப்பாயைக் காக்க வெள்ளையின் யானை, ராணி இரண்டும் பின்னால் போய்க் கட்டுண்டு நின்றன. ஆட்டம் 61 நகர்வு போய் டிரா ஆனது. 48-இல் யானையை சி4-க்குக் கொண்டுபோயிருந்தால் வென்றிருப்பேன் என்று இன்ஜின் சொல்கிறது. அந்த நிலையை நோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன், இன்னும் முழுதாகப் புரியவில்லை.

காரோ-கானின் இன்னொரு கிளையான அட்வான்ஸ் வேரியேஷனில்தான் இன்னும் முடிவு செய்யவில்லை. வெள்ளை இ5 ஆடியதும் பிஷப்பை எஃப்5-க்குக் கொண்டுவருவதா, நேராக சி5 தள்ளுவதா? இரண்டுக்கும் ஒரு வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். சி5 வீடியோவில் மூன்றாவது நிமிடத்தில் நிறுத்தியிருக்கிறேன். வெள்ளை அந்தச் சிப்பாயை வெட்டிவிட்டது. அதைத் திருப்பி எடுக்க இ6 ஆட வேண்டுமா, முதலில் குதிரையை சி6-க்குக் கொண்டுவர வேண்டுமா என்று நோட்டில் இரண்டு வரி எழுதியாகிவிட்டது. நாளை ராத்திரி ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.