98 ஃப்ரீ த்ரோக்கள்

2017 ஜூன். அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் ஓர் அணியின் புள்ளிவிவரப் பிரிவில் நான் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு முந்தைய வாரம் முழுக்க எங்கள் கூட்ட அறையில் ஒரே பேச்சு: லோன்ஸோ பால் என்ற இளம் வீரருக்கு ஷாட் உண்டா, அதாவது தூரத்திலிருந்து நம்பகமாகக் கூடையில் போட முடியுமா, இல்லையா?

யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்கு ஒரே சீசன் ஆடியவர். கோட்டுக்கு வெளியே தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்டில் 41.2 சதவீதம். அதை மட்டும் பார்த்தால் கேள்விக்கே இடமில்லை. ஆனால் வலது கைக்காரரான அவர், பந்தை முகத்துக்கு இடது பக்கம் கொண்டுபோய் அங்கிருந்து போடுவார். வீரர்களைப் பார்த்து மதிப்பிடும் மூத்த ஸ்கவுட் ஒருவர் வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினார். "பந்து இவ்வளவு தூரம் சுற்றி வருவதற்குள் இங்கே ஒரு கை வந்து மறைத்துவிடும்" என்றார்.

நான் கையில் வைத்திருந்தது ஃப்ரீ த்ரோ கணக்கு, அதாவது எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் வீச்சுகளின் கணக்கு. தடுக்க ஆள் கிடையாது, தூரமும் மாறாது, 15 அடி. அதில் அவர் 67.3 சதவீதம்தான். மூன்று புள்ளி ஷாட்டோ, சீசன் முழுவதும் 194 முறைதான் முயன்றிருந்தார். பத்துப் பந்து உள்ளே விழாமல் வளையத்தில் பட்டுத் திரும்பியிருந்தால் ஐந்து சதவீதம் போயிருக்கும். "ஃப்ரீ த்ரோவும் 98தானே, அதை மட்டும் எப்படி நம்புவது?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. என்.பி.ஏ.வின் மூன்று புள்ளிக் கோடு கல்லூரிக் கோட்டைவிட மூன்றடி பின்னால் இருக்கிறதே என்றார் இன்னொருவர். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவர் கல்லூரியிலேயே அந்தத் தூரத்திலிருந்து போட்டுக்கொண்டிருந்தவர்.

கூட்டம் முடிகிற நேரத்தில் அந்த ஸ்கவுட் கேட்டார்: "தனியாக நிற்கும்போது பையன் எவ்வளவு நேரம் பயிற்சி செய்கிறான்?" யாரிடமும் பதில் இல்லை. நான் அதைக் குறித்துக்கொள்ளவும் இல்லை.

லேக்கர்ஸ் அணி டிராஃப்டில் அவரை இரண்டாவதாக எடுத்தது. முதல் சீசனில் மூன்று புள்ளி ஷாட் 30.5, ஃப்ரீ த்ரோ 45.1. ஃப்ரீ த்ரோ கணக்கை வைத்து நான் சந்தேகப்பட்டபடியே ஆனதால், அலுவலகத்தில் எனக்கு நல்ல பேர்.

அப்புறம் 2019இல் அவர் நியூ ஆர்லியன்ஸ் அணிக்குப் போனார். அங்கே பயிற்சியாளர் ஃபிரெட் வின்சனோடு சேர்ந்து ஷாட்டையே மாற்றிக் கட்டினார். பந்து வலது பக்கம் வந்தது. அந்த சீசனில் மூன்று புள்ளி ஷாட் 37.5. பிறகு சிகாகோ அணியில், முழங்கால் காயத்துக்கு முன் ஆடிய 35 ஆட்டங்களில் 42.3.

அந்த எண்ணைப் பார்த்த அன்றைக்கு என் பழைய அறிக்கையை எடுத்துப் படித்தேன். நான்கு பக்கம், எண்களில் பிழை இல்லை. ஆனால் அவருக்கு வயது 19தான் என்பது, முதல் பக்கத்தில் உயரத்துக்கும் எடைக்கும் நடுவில் மட்டும் இருந்தது.