செயின்தானே என்று போனேன்: ஒரு செய்முறைத் தேர்வு அனுபவம்

ஐடிஐயில் டூ வீலர் மெக்கானிக் படித்தபோது மாதிரிச் செய்முறைத் தேர்வில் எனக்கு வந்த வேலை, பின்சக்கரச் செயினைச் சுத்தம் செய்து டைட் வைப்பது. பக்கத்தில் நின்றவனுக்கு கார்புரேட்டர். அவன் முகம் தொங்கிப்போனது. நான் செயின்தானே என்று ஸ்பேனரோடு போனேன்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் ஸ்கேல் பிடித்து மேலும் கீழும் அசைத்தேன். அட்ஜஸ்டரைத் திருப்பி 30 மி.மீ. ஆட்டம் வைத்தேன். "முடிஞ்சுது சார்." சார் குனிந்து சக்கரத்தைக் கையால் அரைச்சுற்று சுற்றிவிட்டு, "இப்ப அள தம்பி" என்றார். 15தான் இருந்தது. "எது சரி? முப்பதா, பதினைஞ்சா?" நான் முழித்தேன்.

செயின் எல்லாக் கண்ணியிலும் ஒரே மாதிரி தேயாது. செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டும் மிகச் சரியான வட்டமாக ஓடாது. அதனால் சக்கரம் சுற்றச் சுற்ற ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் தளரும். இறுகுகிற இடத்தைத் தேடிப் பிடித்து அங்கேதான் அளக்க வேண்டும். தளர்ந்த இடத்தில் அளந்து டைட் வைத்தால், மறுபக்கம் கம்பி மாதிரி விறைத்து கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்கை இழுக்கும். வண்டியில் ஆள் உட்கார்ந்து பின்பக்கம் அமுங்கும்போது செயின் இன்னும் இறுகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்டம் எதற்கு என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் இதுதான் பதில். "லூஸா இருக்கணும் சார்" என்றால் மார்க் வராது.

அசல் தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தது. புத்தகத்தை மூடிவிட்டு அப்பாவின் 100 சிசி வண்டியில் இறங்கினேன். "டேய், திங்கட்கிழமை வேலைக்குப் போகணும், பிரிச்சுப் போட்டுடாதே" என்றார். நாலு ஞாயிற்றுக்கிழமை செய்தேன். ஒவ்வொரு முறையும் அளவை நோட்டில் எழுதினேன். படித்ததைவிட அந்த நோட்டுதான் கைகொடுத்தது.

முதலில் சுத்தம். நியூட்ரல், இன்ஜின் ஆஃப், சாவி சட்டைப் பையில். இன்ஜினை ஓடவிட்டு கியரில் போட்டுச் செயினைத் துடைக்கிற பழக்கம் ஊர் முழுக்க இருக்கிறது. எங்கள் பட்டறையில் ஒரு சீனியருக்கு அப்படித்தான் விரல் நகம் போனது. கையால் சுற்றினாலே போதும். மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷும் தாராளம். கண்ணிகளில் ரப்பர் வளையம் வைத்த ஓ-ரிங் செயினாக இருந்தால் பெட்ரோலும் கம்பி பிரஷும் வேண்டாம், அந்த வளையம் கெட்டுவிடும். துடைத்துக் காயவிட்ட பிறகு, 90 நம்பர் கியர் ஆயிலையோ செயின் ஸ்ப்ரேயையோ கீழ்ச்செயினின் உள்பக்கம் விடுங்கள். ஓடும்போது எண்ணெய் வெளிப்பக்கமாகத்தான் வீசப்படும், அதனால் உள்ளே விட்டது கண்ணிகளுக்குள் இறங்கும். ராத்திரி விட்டுவிட்டுக் காலையில் மிச்சத்தைத் துடைத்தால் டயரில் தெறிக்காது. 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை செய்தால் நல்லது. மழையில் நனைந்தால் அதற்கும் முன்னாடியே.

அப்புறம் டைட். எத்தனை மி.மீ. என்பதை வண்டியின் கையேட்டில் பாருங்கள். பல சாதாரண வண்டிகளுக்கு 20 முதல் 35க்குள் ஏதோ ஒன்று சொல்லியிருப்பார்கள். எந்த ஸ்டாண்டில் அளக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். சக்கர அச்சின் நட்டை, அதாவது ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் கால் திருப்பு, கால் திருப்பாகச் சமமாகத் திருப்ப வேண்டும். டிரம் பிரேக் வண்டியில், பிரேக் பிளேட் சுழலாமல் பிடிக்கும் டார்க் ராடு நட்டையும், ஸ்ப்ராக்கெட் பக்கம் ஸ்லீவ் நட் இருந்தால் அதையும் தளர்த்தாமல் அட்ஜஸ்டரோடு மல்லுக்கட்டாதீர்கள். நான் முதல் ஞாயிறு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகள் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். அது போதாதென்று, பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிச் செயினைப் பாருங்கள், வளைவு தெரிந்தால் சக்கரம் கோணல். ஆக்ஸில் நட்டை முறுக்கும்போது அளவு மாறிவிடும், எனவே முறுக்கிய பின் திரும்ப அளக்காமல் எழுந்திருக்கக் கூடாது.

டைட் வைத்துக்கொண்டே இருந்தால் தீர்ந்துவிடுமா என்றால், இல்லை. செயின் நீள்கிறது என்கிறோம், உண்மையில் கண்ணிகளைக் கோக்கும் ஆணியும் (பின்) அது சுழலும் புஷ்ஷும் தேய்கின்றன. 428 என்ற அளவுச் செயினில் ஒரு கண்ணி 12.7 மி.மீ. 20 கண்ணியை இழுத்துப் பிடித்து அளந்தால் 254 வர வேண்டும். 259ஐத் தாண்டினால் 2 சதவீதம் போய்விட்டது, மாற்ற வேண்டியதுதான். அப்போது செயினை மட்டும் மாற்றுவது வீண்செலவு. கொக்கி போல வளைந்த பழைய பற்கள் புதுச் செயினைச் சீக்கிரமே தின்றுவிடும். இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்த செட்டாகவே வாங்குங்கள்.

செயினின் இரு முனைகளையும் இணைக்கும் லாக் கிளிப்பின் திசையையும் கேட்பார்கள். மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல்பக்கச் செயின் முன்னோக்கி ஓடும், அதை நினைவில் வைத்தால் குழம்பாது.

ஒரு விஷயத்தை அப்பாவின் வண்டிதான் கற்றுக்கொடுத்தது. முதல் ஞாயிறு டைட் வைத்த மறுநாள் சாயங்காலம், "பின் டிரம் கையை வைக்க முடியாம சுடுது, மைலேஜும் இல்ல" என்று வந்து நின்றார். சக்கரம் பின்னால் நகர்ந்ததில், பெடலையும் டிரம்மையும் இணைக்கும் பிரேக் ராடு இழுபட்டு, பிரேக் பிடித்தபடியே ஓடியிருக்கிறது. செயின் டைட் வைத்ததும் அந்த ராடு நட்டைத் தளர்த்தி பிரேக்கையும் சரிசெய்ய வேண்டும்.

அசல் தேர்வில் அதே வேலை வரவில்லை. பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டச் சொன்னார்கள், செயின் டைட்டும் அதற்குள்ளேயே அடக்கம். இறுகும் இடத்துக்கு சாக்பீஸில் கோடு போட்டு, அங்கே அளந்து, நட்டை முறுக்கி, மறுபடி அளந்தேன். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் செயினைத் தொடவே இல்லை. பிரேக் பெடலைக் கையால் ஒருமுறை அமுக்கி, விட்டு, சக்கரத்தைச் சுண்டிவிட்டார். உரசல் சத்தம் இல்லாமல் சுற்றியது. பெடலை மெல்ல அமுக்கி பின் விளக்கையும் பார்த்தார், எரிந்தது. "ராடு நட்டை எப்பத் தளர்த்தினே?" என்றார். "செயின் வச்ச உடனே சார், பிரேக் லைட் சுவிட்சையும் பார்த்துட்டேன்." தாளில் எதையோ எழுதிக்கொண்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்தார்.