காராபுரியில் கிழக்கு வாசல் வழியே ஒரு வலம்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் கேட்வே ஆஃப் இந்தியாவைக் காட்டிவிட்டு, அப்படியே படகேற்றி எலிபண்டாவுக்கு அழைத்துச் சென்று மாலைக்குள் திரும்பிவிடுவது மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் வெகுநாளைய வழக்கம். அந்தப் பயணத்தில் படகும் கடற்காற்றும் குரங்குகளும் நினைவில் நிற்கும் அளவுக்கு, அங்கே எழுந்தருளியிருக்கும் மூர்த்தி நினைவில் நிற்பதில்லை. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வசிக்கும் நாங்கள் சில குடும்பத்தார் சேர்ந்து, மகாசிவராத்திரிக்கு முந்தைய வாரம், எலிபண்டாவின் ஊர்ப்பெயரான காராபுரிக்குச் சென்றது வேறொரு நோக்கத்தோடு. அது ஒரு சிவாலயம் என்பதையும், அதற்கென்று தரிசன முறை ஒன்று இருக்கிறது என்பதையும் மனத்தில் கொண்டு, உரிய வாசல் வழியே நுழைந்து வலம் வரவேண்டும் என்பதே அந்த நோக்கம்.

கேட்வேயிலிருந்து தீவு ஏறக்குறைய 10 கிலோமீட்டர். படகில் ஒரு மணி நேரப் பயணம். இடப்புறம் டிராம்பேயும் எதிரே நவசேவாத் துறைமுகத்தின் பளுதூக்கிகளும் தெரியும். இரண்டு குன்றுகள், நடுவில் ஒரு பள்ளம், சுற்றிலும் சதுப்புநிலக் காடு, இவ்வளவுதான் தீவு. கப்பல்துறையிலிருந்து கரைவரை நீண்ட பாலத்தில் சிறு ரயில் ஓடுகிறது. அதன்பின் மேற்குக் குன்றின்மேல் ஏறும் படிகள், இருமருங்கும் கடைகள், தலைக்கு மேலே வெயிலுக்குக் கட்டிய நீலத் தார்ப்பாய்கள். எங்களோடு வந்த எழுபது வயது கடந்த மாமி ஒருவர், டோலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, படிக்கொரு முறை பஞ்சாட்சரம் சொல்லி ஏறிவிட்டார்.

இந்தத் தீவில் மனிதர் வாழத் தொடங்கியது குடைவரைக் கோயிலுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பாகவே. கிழக்குக் குன்றின்மேல் செங்கல்லால் கட்டிய பௌத்தத் தூபி ஒன்றின் எச்சம் மேடாக நிற்கிறது. தீவின் ஊர்களில் ஒன்றான மோராபந்தர்ப் பக்கத்துக் கரையில் ரோமானிய ஆம்போரா சாடிகளின் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. திராட்சை மதுவும் எண்ணெயும் அடைத்துக் கப்பலில் வந்த இத்தகைய சாடிகளின் உடைசல்களைத்தான் நம் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டிலும் அகழ்ந்தெடுத்தார்கள். கீழைக் கரையில் அரிக்கமேடும் மேலைக் கரையில் காராபுரியும் ஒரே கடல்வாணிகத்தின் இரண்டு முனைகளாக இருந்திருக்கின்றன என்று எண்ணும்போது, இந்தத் தீவு நமக்கு அந்நியமானதாகத் தோன்றுவதில்லை.

கோயிலைக் குடைவித்தவர் யார் என்பதைச் சொல்லும் கல்வெட்டு இப்போது அங்கே இல்லை. கல்வெட்டுப் பொறித்த பலகைக்கல் ஒன்று இருந்தது என்றும், போர்த்துகீசியர் அதைப் பெயர்த்துத் தங்கள் நாட்டுக்கு அனுப்பினார்கள் என்றும், அங்கே அதைப் படிக்க யாராலும் இயலவில்லை என்றும் அவர்களுடைய வரலாற்றாசிரியர் தியோகோ தோ கோத்தோ எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கல் பிறகு கிடைக்கவே இல்லை. ஒரு கோயிலின் சிற்பம் உடைந்தால் மிச்சத்தைக் கொண்டு அதன் உருவத்தை ஊகிக்கலாம். கல்வெட்டுப் போனால் கட்டியவனின் பெயரும், அவன் விட்ட நிவந்தமும், பூசித்தவர்களின் வரிசையும் ஒருசேரப் போய்விடுகின்றன. காராபுரிக்கு நேர்ந்த இழப்புகளிலெல்லாம் பெரியது இதுதான் என்பது என் எண்ணம்.

அந்தக் குறையை ஓரளவு தீர்த்து வைப்பவை மண்ணில் கிடைத்த சிறுகாசுகள். களச்சுரி மன்னன் கிருஷ்ணராசனின் காசுகள் இத்தீவில் பல கிடைத்துள்ளன. அவன் காலம் 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. அவை குறைந்த மதிப்புடைய காசுகள் ஆதலால், கல் உடைத்தவர்களுக்கும் சிற்பிகளுக்கும் கொடுத்த கூலியாக இருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். களச்சுரிகள் சைவத்தின் பழைய பிரிவாகிய பாசுபதத்தைப் போற்றியவர்கள். கொங்கண மௌரியர்களுக்கு இதில் பங்குண்டு என்பாரும் உளர். 634ஆம் ஆண்டு ஐஹொளேக் கல்வெட்டில், சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி மேலைக்கடலின் திருமகளாகிய புரி நகரைக் கப்பற்படை கொண்டு வென்றதாகச் செய்தி வருகிறது. அந்தப் புரி இந்தத் தீவுதான் என்று ஒரு சாரார் சொல்வர். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் பொறித்து வைத்தது 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்பே, அதைவிடப் பன்மடங்கு பெரிய மண்டபம் இங்கே கருங்கற்பாறையில் குடையப்பட்டுவிட்டது.

மண்டபத்தின் அகலமும் நீளமும் ஏறக்குறைய 39 மீட்டர். படியேறி வருகிறவர்கள் எல்லோரும் வடக்கு முகப்பின் வழியாகவே நுழைகிறார்கள். அவர்களுக்கு நேர் எதிரே, தென்சுவரின் இருட்டில், பெரிய சதாசிவ மூர்த்தி தெரிகிறார். அங்கே சென்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் இந்த ஆலயத்துக்குக் கிழக்கு மேற்காகவும் ஒரு நேர்க்கோடு உண்டு. கிழக்கே திறந்தவெளி முற்றம், அதற்கு நேராக, மண்டபத்தின் மேற்குப் பகுதியில், நான்கு வாசல்களோடு கருவறை, அதனுள்ளே இலிங்கம். மூலவருக்குரிய வழி இதுதான். முற்றத்தின் நடுவே உள்ள வட்டமான மேடை நந்தி இருந்த இடம் என்று கருதப்படுகிறது. ஆகவே நாங்கள் வடக்கில் நுழைந்த உடனே இடப்பக்கமாகத் திரும்பி, தெற்கே பாராமல், நேராகக் கிழக்கு முற்றத்துக்குச் சென்று, அங்கே நந்தி மேடையருகே நின்று கைகூப்பிவிட்டு மறுபடி உள்ளே வந்தோம்.

அப்படி வரும்போது வாசலின் இருபுறமும் காட்சி தருவது கயிலாயம். வலப்பக்கம், மலையைப் பெயர்க்க முயலும் இராவணன். இடப்பக்கம், கயிலையில் அம்மையோடு வீற்றிருக்கும் பெருமான். இராவணன் உருவம் மிகவும் சிதைந்திருக்கிறது. ஆயினும் மலைக்கு அடியில் முதுகு வளைத்து அவன் முட்டுக்கொடுக்கும் வேகம் மாறவில்லை. ஞானசம்பந்தர் பதிகங்களில் எட்டாம் பாட்டு இராவணனுக்கு உரியது என்பதைத் தேவாரம் ஓதுகிறவர்கள் அறிவார்கள். எங்களில் ஒருவர் அந்த இடத்தில் நின்று, தமக்கு மனப்பாடமான பதிகம் ஒன்றின் எட்டாம் பாட்டை மெல்லிய குரலில் ஓதினார். சம்பந்தர் பாடியது இந்தச் சிற்பம் செதுக்கப்பட்டு ஒரு நூறாண்டுக் காலம் கழித்து, நெடுந்தொலைவில். இருந்தும் கல்லில் உள்ளதும் பாட்டில் உள்ளதும் ஒன்றாகவே இருந்தன.

கருவறையின் நான்கு வாசல்களிலும் பக்கத்துக்கு ஒருவராக எட்டுத் துவாரபாலகர்கள், ஆளைவிட இருமடங்குக்கும் மேற்பட்ட உயரம். உள்ளே அலங்காரம் எதுவும் இல்லை. சுவர் வெறும் பாறை. வெளியே கண்ட இடமெல்லாம் வேலைப்பாடாக இருக்க, மூலவர் இருக்கும் அறையை மட்டும் சிற்பிகள் மொட்டையாக விட்டிருக்கிறார்கள்; உருவங்களையெல்லாம் கடந்து வந்து அருவுருவமாகிய இலிங்கத்தின் முன்னால் நிற்கும் நிலை அங்கே தானாகவே வாய்க்கிறது. அன்றாட வழிபாடு கிடையாது. அர்ச்சகர் இல்லை, விளக்கில்லை, நைவேத்தியம் இல்லை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் ஆதலால் கற்பூரம் ஏற்றலாகாது. நாங்கள் கொண்டு சென்றது வில்வம் மட்டுமே. அதையும் கையிலேயே வைத்து வேண்டிக்கொண்டு, திரும்ப எடுத்து வந்துவிட்டோம்.

கிழக்கில் தொடங்கி வலமாக நடந்தால் சிற்பங்களின் வரிசை தெளிவாக விளங்குகிறது. கயிலாயத்தை அடுத்துத் தென்சுவரில் அர்த்தநாரீசுவரர், நடுவில் சதாசிவர், அப்பால் கங்காதரர். மேற்கு வாசலருகே கல்யாணசுந்தரர், அவருக்கு எதிரே அந்தகனை வதைக்கும் கோலம். வடக்கு முகப்பின் இருமருங்கும் நடராசரும் யோகீசுவரரும். கயிலையில் குடும்பத்தோடு தொடங்கி, யோகத்தில் தனியாக முடிகிறது இந்தச் சுற்று.

சதாசிவ மூர்த்தி மார்பளவு உருவமே ஏறக்குறைய 18 அடி உயரம். சதாசிவருக்கு முகங்கள் ஐந்து; இங்கே தெரிவன மூன்று. நடுமுகம் தத்புருடம், கண்கள் மூடிய நிலை, கீழுதடு சற்றே தடித்திருக்கிறது, சடாமகுடத்தின் ஒவ்வொரு வளைவிலும் மணியும் மலரும் செதுக்கப்பட்டுள்ளன. நமக்கு இடப்புறம் அகோரம். மீசை, நெறித்த புருவம், கையில் பாம்பு. வலப்புறம் வாமதேவம், சுருண்ட கூந்தலும் கையில் தாமரையுமாகப் பெண்மை பொலியும் முகம். பின்புறத்துச் சத்தியோசாதமும் மேல்நோக்கிய ஈசானமும் பாறைக்குள் இருப்பதாகக் கொள்ளவேண்டும். வழிகாட்டிகள் பலர் இன்னும் இதைப் பிரம்மா, விஷ்ணு, சிவன் என்றே சொல்லி வருகிறார்கள். குழந்தைகளோடு செல்பவர்கள் இதைத் திருத்திச் சொல்லவேண்டும். அகோரத்தின் பக்கம் அர்த்தநாரியும், வாமதேவத்தின் பக்கம் கங்காதரரும் அமைந்திருப்பதைப் பார்த்தபடி நாங்கள் அங்கே நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

திருமணக் கோலத்தின் முன் மாமி வெகுநேரம் நின்றார். அம்மை தலைகுனிந்து, பெருமானின் வலப்பக்கத்தில் நிற்கிறாள். தந்தை பின்னால் நின்று அவளை முன்னே அனுப்புகிறார். கீழே பிரம்மன் புரோகிதராகக் குந்தியிருக்கிறான். “பெண்ணைப் பெத்தவா முகம் எல்லா ஊர்லயும் இப்படித்தான் இருக்கும்,” என்றார் மாமி. கால்களும் கைகளும் உடைந்து போயிருந்தும், அம்மையின் குனிந்த தலை மட்டும் பழுதில்லாமல் இருப்பது நம் புண்ணியம்.

அந்தகாசுர வதத்துக்கு முன்னே ஒரு விவாதம் எழுந்தது. பின்னப்பட்ட மூர்த்தியை வணங்கலாகாது என்பது ஆகம வழக்கு. இங்கே நடராசரின் ஆடும் பாதமே இல்லை, ஆகவே இதைப் பார்க்கலாமே தவிர வணங்குவது முறையாகாது என்றார் எங்களில் ஒருவர். 1534ஆம் ஆண்டு தீவு போர்த்துகீசியர் கைக்குப் போனபின் நேர்ந்த சேதம் பெரிது என்பது உண்மை. ஆனால் ஆகமம் பின்னம் பார்ப்பது பிரதிட்டை செய்த மூலவருக்கு. சுவரில் உள்ளவை, கோயில் புறச்சுவர் மாடங்களில் வைக்கும் கோட்ட மூர்த்தங்களைப் போன்றவை. கருவறையில் உள்ள இலிங்கம் முழுமையாகவே இருக்கிறது. சேதப்படுத்தியவர்களின் கை பட்ட காரணத்தால் ஒரு தலம் தலமாக இல்லாமல் போய்விடும் என்றால், நம் நாட்டில் எத்தனை தலம் மிஞ்சும்? நான் அங்கே சொன்னதும் இதுதான், இப்போதும் சொல்வது இதுதான். அவர் முழுக்க உடன்படவில்லை. ஆயினும் இலிங்கத்தின் முன் எங்களோடு நமஸ்கரித்தார்.

சிவராத்திரியன்று இங்கே மக்கள் கூடி வழிபடும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்புகளிலும் காணப்படுகிறது. அந்த வழக்கத்தைக் காத்தவர்கள் தீவுவாசிகளும் எதிர்க்கரை மக்களும். ஷேத்பந்தர், மோராபந்தர், ராஜ்பந்தர் என்று மூன்று ஊர்கள் இங்கே உண்டு. மீன்பிடியும் கடையும் படகும் பிழைப்பு. சுற்றுலா வந்தவர்கள் மாலைப் படகில் திரும்பிவிட வேண்டும். இரவு தங்குபவர்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே. கண்ணுக்கு எட்டும் தூரத்தில் மும்பையின் விளக்குகள் தெரிந்தும், கடலடிக் கம்பிவடம் வழியே இவர்களுக்கு முழுநேர மின்சாரம் வந்தது 2018இல்தான். படியருகே கோகம் சர்பத் விற்ற அம்மாளிடம் தெரிந்த மராத்தியில் கேட்டோம். சிவராத்திரியன்று விடியுமுன் குளித்துவிட்டுத் தாமும் மேலே போவதுண்டு என்றும், தம் மாமியார் காலத்திலும் அப்படித்தான் என்றும் சொன்னார். யுனெஸ்கோ 1987இல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கும் முன்பும் இவர்கள் போனார்கள், பின்பும் போகிறார்கள்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். திங்கட்கிழமை குகைகள் மூடியிருக்கும். சோமவார தரிசனம் என்று எண்ணிப் புறப்பட்டுவிட வேண்டாம். மழைக்காலத்தில் படகுகளை நம்ப இயலாது. காலை முதல் படகிலேயே சென்றால், கிழக்கு முற்றத்தின் வழியே வெயில் உள்ளே சாயும் நேரத்தில் மூலவரைத் தரிசிக்கலாம், கூட்டமும் இராது. வயதானவர்களுக்கு டோலி கிடைக்கும்.

தீவுக்கு எலிபண்டா என்ற பெயர் வரக் காரணமான கல்யானை அங்கே இல்லை. ராஜ்பந்தர்க் கரையில் நின்றிருந்த அந்த யானையின் தலையும் கழுத்தும் 1814இல் சரிந்தன; 1864இல் அதன் துண்டுகளை மும்பைக்குக் கொண்டு வந்தார்கள். பிறகு ஒட்டிச் சேர்க்கப்பட்டு, பைகுல்லாவில் பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்தை ஒட்டிய தோட்டத்தில் அது நிற்கிறது. மாட்டுங்காவிலிருந்து ரயிலில் சில நிறுத்தங்களே. காராபுரி போய்வந்தவர்கள் அதையும் ஒருமுறை பார்த்து வருவது நல்லது. உடல் முழுதும் ஒட்டுத் தெரிகிறது.