காரின் ஆம்ப்ளிஃபயர் நீண்ட நாள் உழைக்க

பட்டர்வொர்த்திலிருந்து பாலம் ஏறிப் பினாங்குத் தீவை அடைவதற்குள், என் காரில் ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபயர் தானாகவே அணைந்துவிடும். பத்து நிமிடம் ஓய்ந்தபின் மீண்டும் பாடும். சூடுதான் காரணம் என்று எண்ணி, முதலில் அதன்மேல் கிடந்த விரிப்பையும் பைகளையும் அகற்றினேன். அதன் உலோக உடலில் உள்ள வரிவரியான மடிப்புகள் சூட்டைக் காற்றில் விடுவதற்கே இருப்பதால், அவற்றை மூடி வைப்பது பெருந்தவறு. ஆயினும் கோளாறு தீரவில்லை.

நேற்று, ஆம்ப்ளிஃபயரைக் காரின் உலோக உடலோடு இணைக்கும் எர்த் கம்பியைக் கழற்றியபோதுதான் உண்மை விளங்கியது. அதன் வளையத்தைப் பெயிண்டின் மீதே வைத்து முறுக்கியிருந்தார்கள். திருகாணியைச் சுற்றிச் செம்பழுப்புத் துரு பொடிப்பொடியாக உதிர்ந்தது. கடற்காற்று வீசும் பினாங்கில் இதை ஆண்டுக்கொரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இணைப்பில் தடை கூடினால் மின்னழுத்தம் குறைகிறது. குறைந்த அழுத்தத்தில் அதே ஒலியைத் தர, பல ஆம்ப்ளிஃபயர்கள் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்து மேலும் சூடாகின்றன. ஆகவே வெறும் உலோகம் பளிச்சிடும்வரை உப்புத்தாளால் தேய்த்து, கம்பியை அரை மீட்டருக்குள் குறுக்கி, இறுக முடுக்கியபின் மேலே கிரீஸ் பூசினேன்.

நண்பர்கள் பலர் கெயின் திருகியை ஒலியைக் கூட்டும் பொத்தானாகவே கருதுகிறார்கள். அது ரேடியோவிலிருந்து வரும் சமிக்ஞையின் அளவுக்கு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்துவதற்கானது. முழுவதும் திருப்பினால் ஒலியலையின் முனைகள் வெட்டுப்பட்டு, ஸ்பீக்கரின் சுருளே கருகிவிடக்கூடும். இரு சேனல்களை இணைத்து ஒரே ஸ்பீக்கரை இயக்கும் பிரிட்ஜ் முறையில் ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓமுக்குக் குறையக் கூடாது என்று குறிப்பேட்டில் இருந்தால், 2 ஓம் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். பேட்டரிக்கு அருகில் ஃபியூஸ் இருக்கிறதா என்பதையும் இன்றே பாருங்கள்.