மாசா மாவு வந்த சனிக்கிழமை

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம், கல்ஃப்டன் பகுதியில் ஒரு தேவாலயக் கூடம். சனிக்கிழமைதோறும் அங்கே மளிகையும் காய்கறியும் இலவசமாகக் கொடுப்போம். வருகிறவர்களில் பெரும்பாலோர் எல் சால்வடார், குவாத்தமாலா, ஹோண்டுராஸ் குடும்பங்கள். 2019 கடைசியில் நான் போய்ச் சேர்ந்தபோது, பெயர் பதியும் மேசையைக் கொடுத்தார்கள்.

முதல் சிக்கலே பெயர்தான். அவர்களுக்கு அப்பா வழிக் குடும்பப் பெயர் ஒன்று, அம்மா வழிப் பெயர் ஒன்று என இரண்டு உண்டு. கணினியிலோ ஒரே கட்டம். ஒரு வாரம் ஒரு பெயரில் ஏற்றிவிட்டு, அடுத்த வாரம் இன்னொன்றில் தேடி, "பதியவில்லையே" என்று திருப்பி அனுப்பியிருக்கிறோம். அப்பா பெயரைக் கடைசிப் பெயராகச் சுமந்து இந்த நாட்டில் ஒவ்வொரு கவுன்டரிலும் விளக்கம் சொல்கிற எனக்கு, அந்தத் தவிப்பு நன்றாகப் புரிந்தது. பிறந்த தேதியை வைத்துத் தேட ஆரம்பித்தோம்; வரிசை நகர்ந்தது.

அரசு உதவியை நம்பி வாழக்கூடியவர் என்று கருதினால் கிரீன் கார்டை மறுக்கும் ‘பப்ளிக் சார்ஜ்’ விதியை 2020 பிப்ரவரியில் கடுமையாக்கினார்கள். சில அரசு உதவிகளை வாங்கினால் கிரீன் கார்டுக்கு ஆபத்து என்ற பேச்சு பரவியது. இங்கே வாங்கும் உணவு அந்தக் கணக்கில் சேரவே இல்லை. ஆனாலும் வழக்கமாக வரும் முகங்கள் காணாமல் போயின. நாங்கள் கேட்பது பெயர், முகவரி, வீட்டில் எத்தனை பேர், வருமானம் எவ்வளவு, அவ்வளவுதான். வாய்வார்த்தையே போதும், விசாவோ சோஷியல் செக்யூரிட்டி எண்ணோ கேட்பதில்லை. இதை ஸ்பானிஷில் அச்சடித்து ஒட்டினேன். பயன் இல்லை. வரிசையில் நின்ற ஓர் அம்மா தன் கட்டடத்தில் வீடு வீடாகப் போய்ச் சொன்ன பிறகுதான் சிலர் திரும்பி வந்தார்கள்.

கோவிட் வந்ததும் பெட்டி கட்டி கார் டிக்கியில் வைத்து அனுப்பினோம். யார் எதைச் சமைத்தார்கள், எதை ஒதுக்கினார்கள் என்று எங்களுக்குத் தெரியவே இல்லை. கூடத்தைத் திரும்பத் திறந்து, வேண்டியதை அவர்களே எடுக்கட்டும் என்று அலமாரியில் அடுக்கியபோதுதான் கண் திறந்தது. எல்லாருக்கும் பின்டோ பீன்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தோம். சால்வடார்காரர்கள் தேடியது சிறிய சிவப்பு பீன்ஸ், குவாத்தமாலாக்காரர்கள் தேடியது கறுப்பு. மஞ்சள் மக்காச்சோள மாவை யாருமே தொடவில்லை. சோளம்தானே அவர்கள் உணவு என்று நான்தான் அதை வரவழைத்திருந்தேன்.

ஒரு பாட்டி என்னை அருகே கூப்பிட்டார். அந்த மாவில் ஒரு சிட்டிகை உள்ளங்கையில் போட்டு, பாட்டிலிலிருந்து தண்ணீர் தெளித்துப் பிசைந்து, கட்டைவிரலால் அழுத்தினார். பொலபொலவென்று உதிர்ந்தது. "இது மாசா இல்லை" என்றார்.

மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, தோல் போகக் கழுவி அரைத்தால்தான் மாசா. மாவு ஒட்டிக்கொண்டு தட்ட வருவது சுண்ணாம்பால்தான். மக்காச்சோளத்தில் சிக்கியிருக்கும் நயாசின் சத்தும் அப்படிச் செய்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். டார்ட்டியா ரொட்டியும், உள்ளே பூரணம் வைத்துத் தட்டும் புபுசாவும் அந்த மாவில்தான் வரும்.

எங்களுக்குப் பொருள் அனுப்பும் உணவு வங்கியின் கிடங்கில் அந்த வாரம் மாசா மாவு இல்லை. நன்கொடைப் பணத்தில் பக்கத்து மெக்சிகன் கடையில் 40 பொட்டலம் வாங்கினோம். அடுத்த சனிக்கிழமை அதே பாட்டி ஒரு பொட்டலத்தைப் பிரித்து, அதே மாதிரி ஒரு சிட்டிகை நனைத்து, விரல்நுனியில் உருட்டித் தட்டினார். காசு அளவுக்கு வட்டம் வந்தது, ஓரம் வெடிக்கவில்லை. அதை என் கையில் வைத்துவிட்டு, பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார். பத்து மணிக்குள் 40 பொட்டலமும் தீர்ந்துவிட்டது.