பாடபேதக் கேள்விக்குப் பயப்படாதீர்கள்

இறையியல் பட்டப் படிப்பில் புதிய ஏற்பாட்டுத் தாளுக்குப் படிப்பவர்கள் பலர் ஒதுக்கிவைக்கும் கேள்வி இது: தொடக்கக் காலக் கோட்பாட்டுச் சண்டைகள் வேதத்தின் கையெழுத்துப் பிரதிகளை எப்படிப் பாதித்தன? ஒரே வசனம் பிரதிக்குப் பிரதி வேறுபடுவதைத்தான் பாடபேதம் என்கிறோம். எனக்குக் கைகொடுத்ததே இந்தக் கேள்விதான். குமாரன் பிதாவுக்குச் சமமானவர் அல்ல என்ற ஆரியுஸ், அவரைக் கண்டித்த 325 நிசேயா சங்கம் என்று தொடங்கினால் இரண்டு பக்கம் ஓடிவிடும். பிரதிகளைப் பற்றி ஒரு வரியும் வந்திருக்காது. வசனத்திலிருந்து தொடங்குங்கள்.

நான் எடுத்துக்கொண்டது லூக்கா 2:33. 4ஆம் நூற்றாண்டின் சீனாய், வத்திக்கான் என்னும் கிரேக்கப் பிரதிகளில், குழந்தை இயேசுவைப் பற்றிச் சொல்லப்பட்டதைக் கேட்டு வியப்படைந்தவர்கள் அவருடைய "தந்தையும் தாயும்". பிற்காலப் பிரதிகள் பெரும்பாலானவற்றில் "யோசேப்பும் தாயும்". கிரேக்கம் தெரியாதவர்களும் இதைக் கண்ணால் பார்க்கலாம்: பழைய தமிழ் வேதாகமத்தில் யோசேப்பு என்ற பெயர் இருக்கும்; புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் தந்தை என்றே இருக்கும். இயேசு எல்லாரையும்போல் பிறந்த மனிதர், கடவுள் அவரைப் பின்னர் மகனாக ஏற்றுக்கொண்டார் என்று 2ஆம் நூற்றாண்டில் சிலர் போதித்தார்கள். அவர்களுக்கு இந்த வரி சாட்சியாகிவிடுமே என்ற கவலைதான் திருத்தத்துக்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

இத்தோடு நிறுத்தினால் பாதி விடைதான். அதே அதிகாரத்தின் 48ஆம் வசனத்தில் மரியாளே "உன் தகப்பனும் நானும்" என்கிறார். பெரும்பாலான பிரதிகளில் அதில் யாரும் கைவைக்கவில்லை. மத்தேயு 24:36இலும் இதே கதை: கடைசி நாளைக் "குமாரனும் அறியார்" என்ற சொற்கள் பல பிரதிகளில் காணாமல் போயின, மாற்கு 13:32இல் ஏறக்குறைய எல்லாவற்றிலும் நிலைத்துவிட்டன. மேலிடத்து உத்தரவின்படி நடந்த திருத்தம் இப்படி ஓட்டையும் உடைசலுமாக இருக்காது. எழுத்தர்கள் அங்கங்கே, தங்கள் மனத்தை உறுத்திய இடத்தில் மட்டும் தொட்டிருக்கிறார்கள். இந்த ஒரு பத்தியை நிதானமாக எழுதுங்கள். விடையின் உயிர் இங்கேதான்.

1 தீமோத்தேயு 3:16ஐ எச்சரிக்கையோடு கையாளுங்கள். மாம்சத்தில் வெளிப்பட்டவரை "அவர்" என்பதா "தேவன்" என்பதா என்பதே அங்குள்ள வேறுபாடு. கிரேக்கத்தில் "அவர்" என்பதற்குரிய இரண்டெழுத்துச் சொல்லின் முதல் வட்டத்துக்குள் ஒரு கோடும் மேலே ஒரு கோடும் இழுத்தால் "தேவன்" என்பதன் சுருக்கம் ஆகிவிடும். 18ஆம் நூற்றாண்டில் பிரதி ஆய்வாளர் வெட்ஸ்டைன் லண்டனில் அலெக்சாந்திரியப் பிரதி என்ற பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதியை ஆராய்ந்து, வட்டத்துக்குள் தெரியும் கோடு தோலின் மறுபக்க எழுத்திலிருந்து ஊறித் தெரிவது என்றார். இந்த மாற்றம் கண் தவறியும் நேர்ந்திருக்கலாம். பாடபேதங்களில் பெரும்பகுதி எழுத்துப் பிழைகளே என்பதை இந்த இடத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

"வேதப்புரட்டர்கள் வேதத்தைக் கெடுத்தார்கள்" என்ற பழைய வாக்கியத்தை அப்படியே எழுதாதீர்கள். திருச்சபை வேதப்புரட்டராகத் தள்ளிவைத்த 2ஆம் நூற்றாண்டு மார்சியோன் லூக்காவை வெட்டினார் என்பது சரி. நாம் மேலே பார்த்த திருத்தங்களோ மரபுவழி நம்பிக்கைக்காரர்களின் பக்கத்திலிருந்து வந்தவை.

பலர் முதல் சான்றாக 1 யோவான் 5:7ஐ எழுதுகிறார்கள். பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்ற அந்த வரி லத்தீன் வழக்கிலிருந்து வந்தது. கிரேக்கப் பிரதிகளில் மிகப் பிந்தியது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் வெளியிட்ட எராஸ்மஸ் தம் 1516, 1519 பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை, 1522இல்தான் சேர்த்தார். கேள்வி முதல் நான்கு நூற்றாண்டுகளைப் பற்றியதென்றால் அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். நேரம் போதாவிட்டால் விட்டுவிடுங்கள்.